வேலியோடு நின்ற மின்சாரம்: நெகிரி செம்பிலான் தோட்டங்களும் மின்வாரியத்தின் உடைமையும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் 1960-களிலும் 70-களிலும் வளர்ந்தவர்களைக் கேட்டால், மின்சாரம் என்றதும் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் சொல்வார்கள். பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு டீசல் எஞ்சின். பொழுது சாயும்போது ஓடத் தொடங்கும், இரவு ஒன்பது அல்லது பத்து மணிக்கு நிற்கும். நிற்கப்போகிறது என்பதற்கு அடையாளமாக விளக்கு ஒருமுறை மங்கி எரியும். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உடனே சிம்னி விளக்கைத் தேடுவார்கள். விடிவதற்கு முன்பே பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டிய தாய்மார் மண்ணெண்ணெய் வெளிச்சத்திலேயே சமைத்து முடிப்பார்கள்.

தோட்டத்து முகப்பைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் நிலைமை வேறு. சாலையோரத்தில் அரசாங்க மின்கம்பங்கள் வரிசையாக நிற்கும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இரவு பகலாகப் போகும் மின்சாரம் அந்தக் கம்பிகளில்தான் ஓடியது. பல தோட்டங்களில் அந்தக் கம்பத்துக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மைல் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க மின்சாரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

மின்சாரம் அரசின் கையில் இருக்க வேண்டுமா, தனியார் கையில் இருக்க வேண்டுமா என்று உலகம் நூறு ஆண்டுக்கு மேலாக வாதாடி வருகிறது. மின் நிலையம் யாருடையது, பங்குகள் யாரிடம், கட்டணத்தை யார் நிர்ணயிப்பது என்பவையே அந்த வாதத்தில் முதலிடம் பெறும். தோட்டத்து லயத்திலிருந்து பார்க்கும்போது முன்னால் வந்து நிற்கும் கேள்வி வேறு: கடைசி மைலில் நட்ட கம்பமும், அதில் ஓடும் கம்பியும், சுவரில் மாட்டிய மீட்டரும் யாருடையவை? தோட்டத் தமிழரின் மின்சார வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

மலாயாவின் மின்சார வரலாறு தனியார் கையில்தான் தொடங்கியது. அதில் ஒரு கை தமிழருடையது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலைக் கோயிலையும் உருவாக்கிய தம்புசாமிப் பிள்ளையும், சீனச் செல்வந்தர் லோக் இயூவும் 1894-ல் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி பொருத்தினார்கள். 1900-ல் பகாங்கின் ரவுப்பில் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்தது. பேராக்கில் ஈயச் சுரங்கங்களுக்காகவே பிரிட்டிஷ் முதலீட்டில் பேராக் நதி நீர்மின் நிறுவனம் உருவாகி, 1930-ல் செண்டெரோ அணையைக் கட்டி முடித்தது. சுரங்கம் இருந்த இடத்துக்கு மின்சாரம் வந்தது, சுரங்கம் இல்லாத இடத்துக்கு வரவில்லை. லாபம் தேடிய முதலாளிகள் தங்கள் தேவைக்கு உற்பத்தி செய்தார்கள், மிஞ்சியதை விற்றார்கள். ஊருக்கு விளக்குப் போட வேண்டும் என்ற கடமையை யாரும் அவர்கள் தலையில் வைக்கவில்லை.

ரப்பர் தோட்டமும் இதே வழியில்தான் நடந்தது. எஞ்சின் வாங்கப்பட்டது பாலை உறையவைத்து ஷீட்டாக்கும் இயந்திரங்களுக்காக. அங்கிருந்து கம்பி முதலில் மேட்டிலிருந்த துரை பங்களாவுக்குப் போனது, பிறகு கிராணிமார் குடியிருப்புக்கும் மருந்தகத்துக்கும் போனது, கடைசியில்தான் லயத்தைத் தொட்டது. தொட்டபோதும் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பல்புதான். இஸ்திரிப் பெட்டி போட்டால் எஞ்சின் தாங்காது என்று தடை இருக்கும். 1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. பிறகு லயத்தில் யாராவது ஒருவர் கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினால் அதை ஓட்டியது பெரும்பாலும் கார் பேட்டரி. பேட்டரியைச் சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். சனிக்கிழமை தமிழ்ப்படத்தின் பாதியிலேயே பேட்டரி தீர்ந்துபோன கதை தோட்டத்தில் பலரிடம் உண்டு. வாடகை இல்லாத வீடு, முதலாளி தரும் விளக்கு, முதலாளி தரும் தண்ணீர் என்ற ஏற்பாட்டில் தொழிலாளிக்கு மாதாமாதம் பில் வரவில்லை. பில் இல்லாதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லாமல் போனது.

அரசு இந்தத் துறைக்குள் முழுவீச்சில் நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949 செப்டம்பர் 1-ல் மத்திய மின்சார வாரியம் தொடங்கியது. 1965-ல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. லெம்பாக லெத்ரிக் நெகாரா என்ற மலாய்ப் பெயரின் சுருக்கமான 'எல்எல்என்' என்றே மக்கள் அதை அழைத்தார்கள். எல்எல்என் செய்த வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1976-ல் பினாங்கு நகராட்சியின் மின்துறையையும், 1982-ல் பேராக் நதி நிறுவனத்தையும் அது எடுத்துக்கொண்டது. தீபகற்பம் முழுவதையும் ஒரே மின்வலையில் இணைத்தது. நகரத்து ஆலைக்கு விற்ற வருமானத்தில் நட்டம் தரும் கிராமத்துக்கும் கம்பி இழுத்தது. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் நிறுவனம் இதைச் செய்திருக்காது. பொது உடைமைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய மிக வலுவான சான்று இதுதான்.

ஆனால் அரசின் அந்தக் கை தோட்டத்து வேலியில் நின்றுவிட்டது.

காரணம் பகைமை அல்ல, நிலச் சட்டம். மின்கம்பம் நிற்பது பொதுநிலம், அது போக வேண்டிய வழி தனியார் நிலம். கிராமப்புற மின்மயத் திட்டம் மக்கள் தொகைக் கணக்கிலும் கிராமப் பட்டியலிலும் ஓடியது. தோட்டம் அந்தப் பட்டியலில் இல்லை, அது ஒரு தனியார் சொத்து. வாரியம் எல்லைவரை மின்சாரம் தரும். அதற்கு உள்ளே கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, வீடுகளுக்கு வயரிங் செய்வது எல்லாம் முதலாளியின் செலவு. ரப்பர் விலை சரிந்த ஆண்டுகளில் எந்த நிர்வாகம் அந்தச் செலவை விரும்பும்? மரத்தை வெட்டிச் செம்பனை நடப்போகிறோம், லயத்தையே இடம் மாற்றப்போகிறோம், நிலத்தை விற்கப்போகிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் இருந்தது.

ஜெம்போல் மாவட்டத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பாலோங், செர்த்திங் பகுதிகளில் அரசு காட்டைத் திருத்திப் பெல்டா என்ற நில மேம்பாட்டு அமைப்பின் குடியேற்றங்களை அமைத்தது. அங்கே குடியேறியவர் சொந்த நிலத்துக்கு உரியவராக வந்தார். அவர் வீட்டுக்குச் சாலை, தண்ணீர், மின்சாரம் கொண்டுபோவது அரசின் வேலைத்திட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தில் பகாவைச் சுற்றிப் பெரிய கம்பெனித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் அதே செம்மண், அதே செம்பனை. அந்த லயத்தில் வாழ்ந்தவர் மூன்று தலைமுறை உழைத்தும் நிலத்தில் உரிமை இல்லாதவர். அதனால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர் மின் வாடிக்கையாளராகவும் தெரியவில்லை. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி. நாராயணன் 1954-ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நீண்ட காலம் வழிநடத்தினார். சம்பளப் பேச்சுவார்த்தைகளில் கிடைத்த வெற்றிகள் குடியிருப்பு வசதிகளில் அதே வேகத்தில் கிடைக்கவில்லை. சம்பளத்தைப் பேச எதிரில் ஒரு முதலாளி சங்கம் இருந்தது. விளக்குக்குப் பேசப் போனால் தோட்டம் வாரியத்தைக் காட்டும், வாரியம் தோட்டத்தைக் காட்டும்.

தோட்டங்களே பொது உடைமைக்கு வந்திருந்தால் இது மாறியிருக்குமா? மலேசியா அந்தச் சோதனையையும் பார்த்துவிட்டது. 1970-களின் இரண்டாம் பாதியில் தோட்ட நிறுவனமான சைம் டார்பியின் கட்டுப்பாடு லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது. 1981 செப்டம்பர் 7-ல், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் அரசு சார்ந்த பெர்மோடாலான் நேஷனல் முதலீட்டு நிறுவனம் கத்ரி தோட்ட நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்தது. மறுஆண்டு ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டின் மலேசியத் தோட்டங்களும் உள்நாட்டு உடைமையாயின. ஒரு நாடு தன் மண்ணை மீட்டெடுத்த பெருமைக்குரிய நிகழ்வு அது, ஐயமில்லை. நெகிரி செம்பிலானின் பெரிய தோட்டங்கள் பல அந்த மூன்று பெயர்களுக்குள் இருந்தவை. ஆயினும் பங்குச் சான்றிதழில் பெயர் மாறிய மறுநாள் லயத்தில் எதுவும் மாறவில்லை. எஞ்சின் அதே நேரத்துக்குத்தான் நின்றது. அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமும் பங்குதாரருக்கு ஈவுத்தொகை தர வேண்டிய நிறுவனமே. கம்பம் நடும் செலவு அதன் கணக்கிலும் செலவுதான்.

இலங்கை மலையகத்தின் அனுபவம் இதை இன்னும் அழுத்தமாகக் காட்டுகிறது. அங்கே மின்சார சபை 1969 முதல் அரசுடையது. 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் பெருந்தோட்டங்களும் அரசுடைமை ஆயின. 1992-ல் நிர்வாகம் தனியாருக்குப் போகும்வரை முதலாளியும் அரசு, மின் விநியோகமும் அரசு. அப்படியிருந்தும் லயன் அறைகளுக்கு வீட்டு இணைப்பு நத்தை வேகத்தில்தான் வந்தது. லயன் அறையில் வாழ்பவருக்கு அந்த அறையின்மேல் உரிமை இல்லாதவரை, யாருடைய சபையாக இருந்தாலும் மீட்டரை யார் பெயரில் மாட்டுவது என்ற சிக்கல் தீராது.

மலேசியாவில் திருப்பம் 1990-ல் வந்தது. அந்த ஓராண்டிலேயே எதிர்த்திசையில் போகும் இரண்டு காரியங்கள் நடந்தன. செப்டம்பர் 1-ல் எல்எல்என் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. 1992-ல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. மின்சாரத்தை நேரடியாக நடத்தும் பொறுப்பிலிருந்து அரசு ஓரடி பின்வாங்கியது. அதே 1990-ல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு, வசதித் தரச் சட்டம் (சட்டம் 446) வந்தது. ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் இலவசக் குழாய்த் தண்ணீரும், போதுமான மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று அது எழுதிவைத்தது. 1966-ன் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது இது. இதற்குப் பின்தான் பல தோட்டங்களில் எஞ்சின் கொட்டகை மூடப்பட்டு, தெனாகாவின் கம்பி உள்ளே வந்தது. அரசு நிறுவனமாக இருந்த காலத்தில் வேலியில் நின்ற மின்சாரம், அது கம்பெனியான பிறகு வேலியைத் தாண்டியது. தனியார்மயத்தின் சாதனை என்று இதைக் காட்ட யாராவது முயன்றால் அது தவறு. கம்பியை உள்ளே இழுத்தது சட்டத்தில் எழுதப்பட்ட கடமை. அந்தக் கடமையை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தால் எல்எல்என்னும் அதைச் செய்திருக்கும்.

தனியார்மயம் தன் சொந்த முகத்தைக் காட்டியது வேறிடத்தில், அதுவும் நெகிரி செம்பிலான் கடற்கரையிலேயே. 1992 செப்டம்பர் 29-ல் தீபகற்பம் முழுக்க மின்தடை ஏற்பட்டது. தெனாகாவால் மட்டும் நாட்டின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது என்ற வாதத்துக்கு அது வலுச்சேர்த்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஒய்டிஎல், கெந்திங் சன்யென், செகாரி, பவர்டெக், போர்ட்டிக்சன் பவர் ஆகிய ஐந்து தனியார் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கிடைத்தது. போர்ட்டிக்சனில் எல்எல்என் கட்டிய துவாங்கு ஜாபார் மின் நிலையம் முன்பே இருந்தது. அதே வட்டாரத்தில், தஞ்சோங் கெமோக்கில், சுமார் 440 மெகாவாட் தனியார் நிலையம் எழுந்தது. அதன் பெரும்பங்கு சைம் டார்பியிடம் இருந்தது. மாநிலத்தின் தோட்ட முதலாளிகளில் ஒருவரே மின்சார வியாபாரியும் ஆனார்.

ஒப்பந்தங்கள் பொதுவாக 21 ஆண்டுகளுக்கானவை. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் தயாராக நிற்பதற்கு என்று தெனாகா பணம் கட்டியாக வேண்டும். எரிவாயுவைத் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் மானிய விலையில் தந்தது. 1997 முதல் 2008 வரை அந்த விலை ஒரு எம்எம்பிடியு வெப்ப அலகுக்கு 6.40 வெள்ளியில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சந்தை ஆபத்து தெனாகாவுக்கு, எரிபொருள் ஆபத்து பெட்ரோனாசுக்கு, நிச்சய வருமானம் தனியாருக்கு. தெனாகாவின் நிர்வாகத் தலைவராக இருந்த டான்ஸ்ரீ அனி அரோப் இந்த நிபந்தனைகளை எதிர்த்தார், 1996-ல் பதவியைவிட்டு விலகினார். இந்த வரலாற்றில் நினைக்கப்பட வேண்டிய பெயர் அது. 2000-களின் நடுவில் நாட்டின் உபரி உற்பத்தித் திறன் 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஓடாத எந்திரங்களுக்கும் மக்கள் பணம் கட்டினார்கள். தனியார் நிறுவனம் துணிந்து முதலீடு செய்யும், நட்டத்தைத் தானே ஏற்கும் என்பதுதான் தனியார் உடைமைக்குச் சொல்லப்படும் நியாயம். நட்டத்தை ஏற்காத முதலீட்டாளரைத் தனியார் என்று அழைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

தெனாகாவையும் முழுத் தனியார் என்று சொல்ல முடியாது. அரசு முதலீட்டு நிறுவனமான கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், பெர்மோடாலான் நேஷனல் ஆகியவையே அதன் பெரிய பங்குதாரர்கள். நிதியமைச்சரிடம் சிறப்புப் பங்கு ஒன்று உண்டு. கட்டணத்தை அரசு ஒப்புதல் இல்லாமல் ஒரு சென்கூட உயர்த்த முடியாது. தோட்டத் தொழிலாளியின் சேமநிதிப் பணமும் அந்தப் பங்குகளுக்குள் இருக்கிறது. அந்த வகையில் தெனாகாவில் அவரும் ஒரு சிறு உடைமையாளர். ஆனால் அதே தெனாகாவின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் பல இடங்களில் இல்லை.

சிக்கல் இன்றும் உயிரோடு இருப்பது இங்கேதான். பல தோட்டங்களில் தெனாகா ஒரே பெரிய மீட்டரைத் தோட்டத்தின் பெயரில் வைக்கிறது. அதிலிருந்து உள்ளே பிரிந்து போகும் கம்பிகளும் துணை மீட்டர்களும் நிர்வாகத்துடையவை. லயத்துக் குடும்பம் எவ்வளவு செலவழித்தது என்பதைத் தோட்ட அலுவலகம் படிக்கிறது, பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. வீட்டு வாடிக்கையாளருக்கான சலுகைகளோ கணக்கு எண்ணோடு கட்டப்பட்டவை. பல ஆண்டுகளாக முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் என்ற குறைந்த விலை இருந்தது. ஓர் ஏழை வீட்டுக்கு அந்த 200 யூனிட்டே ஏறக்குறைய முழு மாதத் தேவை. 2008 அக்டோபர் முதல் 20 வெள்ளிக்குக் கீழ் பில் வரும் வீடுகளுக்கு அரசே கட்டணத்தை ஏற்றது. பிறகு பரம ஏழைகளுக்கு மாதம் 40 வெள்ளிவரை கழிவு வந்தது. இத்தனையும் பெற ஒரு பில் வேண்டும், அதில் ஒரு பெயர் வேண்டும். நூறு குடும்பங்கள் ஒரே மீட்டருக்குப் பின்னால் வாழும்போது, முதல் 200 யூனிட் சலுகை எந்தக் குடும்பத்துக்குச் சேர்ந்திருக்கும்?

தமிழ்நாடு இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. 1957-ல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம் குடிசைக்கு ஒரு விளக்கு என்ற இணைப்பை இலவசமாகவே தந்தது. பட்டா உள்ளதா என்று கறாராகப் பார்க்காமல், வீட்டில் மனிதர் வாழ்கிறாரா என்று பார்த்ததால் முடிந்த காரியம் அது. உழவருக்கு இலவச பம்புசெட் மின்சாரமும் அதே வாரியம்தான் தந்தது. அதன் விலை சிறியதல்ல. 2017-ல் மின் நிறுவனங்களின் கடன்சுமையைக் குறைக்கும் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் கடனில் சுமார் 22,800 கோடி ரூபாயை மாநில அரசு தன் தோளில் ஏற்ற வேண்டியிருந்தது, அப்போதும் கடன் தீரவில்லை. பொது உடைமை என்றாலே கணக்கு சரியாக வரும் என்று யாரும் வாக்குறுதி தர முடியாது. இருந்தாலும் கடனை அடைக்க வழி உண்டு. இருட்டில் படிக்க முடியாமல் ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்குப் போன ஆண்டுகளைத் திருப்பித் தர வழியில்லை. இந்த இரண்டு நட்டங்களையும் ஒரே தராசில் வைக்கும்போது வாரியத்தின் பக்கம் நிற்கத்தான் மனம் சொல்கிறது.

நெகிரி செம்பிலானில் இப்போது தோட்டங்களே குறைந்து வருகின்றன. நீலாய், சிரம்பான் 2, என்ஸ்டெக் என்று நகரங்கள் லாபுவரை பரவிவிட்டன. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லும்போது நீதிமன்றத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வேளைகளில் முதலில் வரும் நெருக்கடி தண்ணீரும் மின்சாரமும் நிற்பதுதான். சொந்தப் பெயரில் கணக்கு உள்ளவருக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டுமானால் தெனாகா சட்டப்படி அறிவிப்புத் தர வேண்டும், நிலுவை இருக்க வேண்டும். தோட்டத்து மீட்டருக்குப் பின்னால் உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அலுவலகத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். எஞ்சியிருக்கும் லயங்களில் இன்று பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்குகிறார்கள். தமிழர் கடந்துவந்த அதே மீட்டருக்குப் பின்னால் இப்போது அவர்கள்.

இதற்கிடையில் தோட்டம் என்ற பெயர் மின்சாரத் துறைக்குள் புதிய வழியில் நுழைந்திருக்கிறது. செம்பனை ஆலைகள் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. நீலாய் அருகே பாஜாமில் மூடிய குப்பைமேட்டின்மீது 2012-ல் சைபார்க் நிறுவனம் சூரியசக்தி நிலையம் அமைத்தது. போர்ட்டிக்சன் வட்டாரத்தில் லாடாங் தானா மேராவில், அதாவது தானா மேரா தோட்டத்தில், அதே நிறுவனம் நாளுக்குச் சுமார் ஆயிரம் டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை நடத்துகிறது. இத்தகைய நிலையங்களுக்கு உயர்ந்த விலை தருவதற்கான நிதி, 2014 முதல் மின் பில்லில் 1.6 விழுக்காடு கூடுதலாக வசூலித்துச் சேர்க்கப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இந்த விலக்கும் கணக்கு எண்ணைப் பார்த்தே கிடைக்கும்.

சட்டம் 446-ஐ 2019-ல் திருத்தி வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரித்தார்கள். ஆனால் 'போதுமான மின்சாரம்' என்ற கடமையை யாருடைய மீட்டர் வழியாக நிறைவேற்றுவது என்பது முதலாளியின் விருப்பத்தில்தான் இன்னும் இருக்கிறது. வீட்டின் தரத்தைப் பார்ப்பது தொழிலாளர் இலாகா, மின் உரிமத்தைப் பார்ப்பது எரிசக்தி ஆணையம். லயத்துத் துணை மீட்டர் இந்த இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே விழுந்துகிடக்கிறது. ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் தெனாகாவே நேரடியாக மீட்டர் வைக்க வேண்டும், அதற்கான உள்கம்பிச் செலவைத் தோட்டமும் அரசும் பகிர வேண்டும் என்ற விதி வந்தால், குடியிருப்பவர் பெயர் முதன்முறையாக அந்தக் கணக்கில் ஏறும். அதற்குப் புதிய நிறுவனம் தேவையில்லை, தெனாகாவின் பங்கு ஒன்றுகூடக் கைமாறத் தேவையில்லை. இருக்கும் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும்.